கார்டீனியாவை எங்கே நின்று பார்ப்பது

"அண்ணை, நீங்கள் இப்ப ஓய்விலதானே இருக்கிறியள். எங்கட ஆண்டு மலருக்குப் பூஞ்செடி பராமரிக்கிறதைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோவன். பிரயோசனமான குறிப்பா இருந்தால் நல்லம்" என்று டூங்கபிப் பகுதி வீட்டுத்தோட்ட வட்ஸ்அப் குழுவின் செயலாளர் கேட்டார். ஓம் என்று சொல்லி போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், விளக்குமாற்றை எடுத்துப் பால்கனியைக் கூட்டியது. பால்கனியில் குப்பை ஒன்றும் இல்லை. பயம் பிடித்தால் நான் கூட்டுவேன். சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். எனக்குக் கையில் ஒரு தடி வேண்டும், அதன் நுனியில் ஏதாவது சருகு வேண்டும். சருகு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மேற்கு சிட்னியில் இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் செடிகளை வெட்டிப் பிழைத்த எனக்குச் சொந்தமாக ஒரு அடி மண் கிடையாது. இரண்டாம் மாடியில் ஒரு யூனிட். பால்கனிக்குக் கீழே கார் நிறுத்துமிடம். என்னிடம் இருக்கும் ஒரே செடி, பக்கத்து யூனிட்காரி வீடு மாறும்போது கதவடியில் விட்டுப்போன கற்றாழைச் சாடி. நான் அதற்கு எதுவுமே செய்வதில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது. முதல் குறிப்பாக இதை எழுதிக்கொள்ளலாம்.

என் மனைவியாக இருந்தவர் இப்போது பிரிஸ்பேனில் நலமாக இருக்கிறார். நானும் நலம் என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் குறைவு என்பதால் அதிகம் பொய் சொல்ல நேர்வதில்லை.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது செடிமேல் உள்ள காதலால் அல்ல. ஊரிலிருந்து வணிகப் பட்டத்தோடு வந்து பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையை மூடினார்கள். தோட்ட வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கியர் மாற்றி ஓட்டத் தெரிந்த ஆள் தேவை என்று ஒரு நண்பன் சொன்னான். கியர் மாற்றத் தெரியும். செடி பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிறுவனம் என்றால், பின்னால் திறந்த தட்டுள்ள ஒரு பழைய யூட் வண்டி, அதன் பின்னால் ஒரு ட்ரெய்லர், அதற்குச் சொந்தக்காரி டெப். தகப்பன் இறந்ததும் தொழிலைக் கையில் எடுத்தவர். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது, எனக்கு முப்பத்துநான்கு. என்னைவிடப் பத்து வயது இளைய முதலாளியம்மா. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நான் பிழை செய்தால் சட்டைப்பையிலிருந்து ஒரு மண்டரின் தோடம்பழத்தை எடுத்து மெதுவாக உரிப்பார். ஒரு சுளை தந்தால் சின்னப் பிழை. பாதி தந்தால் பெரிய பிழை. முதல் நாளே, நடைபாதை ஓரத்தில் வீட்டுக்காரர் வரிசையாக நட்டு வளர்த்திருந்த மொண்டோ புல்லைக் களை என்று நினைத்து அடியோடு பிடுங்கிக் குவித்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி பெருமையோடு நின்றேன். டெப் வந்து பார்த்தார். பழத்தை உரித்தார். முழுவதையும் என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அன்று இருட்டும்வரை நான் அந்தப் புல்லை ஒவ்வொன்றாகத் திருப்பி நட்டேன். அதில் பாதி இன்றும் உயிரோடு இருப்பதாகக் கேள்வி.

டெப்பிடம் ஒரு முறை இருந்தது. புதருக்கு முன்னால் போனதும் கத்தரியை உறையிலிருந்து எடுக்கக்கூடாது. இரண்டு கைகளையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு அதைச் சுற்றி ஒரு தரம் நடக்க வேண்டும். கை வெளியே இருந்தால் கை வெட்டத்தான் பார்க்கும் என்பார். பிறகு குந்தியிருந்து விரலை மண்ணுக்குள் இரண்டாவது மடிப்புவரை விட வேண்டும். விரலை வெளியே எடுத்து மணந்து பார்க்க வேண்டும். நல்ல மண் மழை மணக்கும், கெட்ட மண் வடிகால் மணக்கும். மூன்றாவதாக, வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே போக வேண்டும். அவர் எந்தக் கதிரையில் இருந்து, எந்த யன்னலால் அந்தச் செடியைப் பார்க்கிறாரோ, அங்கே நின்று பார்க்க வேண்டும்.

"நீ தெருவில் நின்று பார்த்து வெட்டுகிறாய். தெருவில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"உள்ளே விடாவிட்டால்?"

"கேட்டால் விடுவார்கள். தேத்தண்ணியும் தருவார்கள்."

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வெட்டு. முதலில் காய்ந்த கிளை, பிறகு நோய்க் கிளை, பிறகு ஒன்றின்மேல் ஒன்று உரசும் கிளை. வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக. ஒரு செடி முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிற்றால் துடைக்க வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும் ஒரு சுளை.

டெப்பின் முறை எங்கள் ஆட்களிடம் சரிவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழர் வீட்டில் ஒரு செடியை வெட்டுவது என்பது வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போடுவது மாதிரி. டூங்கபியில் ஒரு அங்கிள். இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் ரோசாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால்தான் வசந்தத்தில் பூக்கும் என்று விளக்கினேன். "ஓம், ஓம், வெட்டும் தம்பி" என்றார். வெட்டத் தொடங்கியதும் எனக்குப் பின்னாலேயே வந்து ஒவ்வொரு கிளையாகப் பொறுக்கி மடியில் அடுக்கினார். "இதில ஒரு முளை இருக்கே. இதிலயும் இருக்கே. நீர் ஆரிட்டைப் பழகினீர், கசாப்புக்கடையிலையோ?" என்று கேட்டார். அக்டோபரில் அந்த ரோசாக்கள் வேலி தெரியாமல் பூத்தன. அங்கிள் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். எனக்கு அனுப்பவில்லை.

இந்தத் தொழிலில் ஆட்களைக் காண்பது குறைவு. நாங்கள் போகும் நேரத்தில் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். பக்கத்துக் கேற்றைத் திறந்து போய், ஆளில்லாத முற்றத்தில் வெட்டி, கூட்டி, தோட்டக் கழிவுக்கான பச்சை மூடித் தொட்டிக்குள் அமுக்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு வீட்டில் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டு, கடையில் அந்த வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றாலும் தெரியாது. அவருடைய கமேலியாச் செடியைக் காட்டினால் இன்னார் என்று சொல்லிவிடுவேன். நாய்கள்தான் என்னைத் தெரிந்துவைத்திருந்தன. நார்த்மீட்டில் ஒரு லாப்ரடோர் இருந்தது. நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் சத்தத்துக்கு அது காட்டிய மகிழ்ச்சியை என்னிடம் வேறு யாரும் காட்டியதில்லை.

அதே நார்த்மீட்டில்தான் பரமேஸ்வரி அன்ரியின் வீடு.

அன்ரிக்கு இடுப்பெலும்பு முறிந்து தேறி வந்த காலம். கணவர் முன்பே போய்விட்டார். ஒரே மகள் மைதிலி, மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில், மருந்தாளராக வேலை செய்பவர். காலையில் ஒரு நேபாளத்துப் பெண் வந்து அன்ரியைக் கவனித்துவிட்டுப் போவாள். முன் அறையில் யன்னலோடு ஒட்டிக் கட்டில். யன்னலுக்கு வெளியே, வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு கார்டீனியாச் செடி.

மைதிலிதான் போனில் என்னைப் பிடித்தார். "அண்ணா, அம்மா இப்ப பார்க்கிறது அந்தச் செடியை மட்டும்தான். அது ஏனோ மஞ்சளாப் போகுது. எப்பிடியாவது காப்பாத்தித் தாங்கோ. செத்துப்போச்செண்டால் அம்மாவும் விட்டிடுவா."

இப்படி ஒரு வார்த்தையைத் தோட்டக்காரனிடம் சொல்லக்கூடாது. அன்றே கூட்டத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமைகளில் போனேன். பொக்கற்றில் கையை விட்டுச் சுற்றி நடந்தேன். விரலை விட்டேன். மண் சொதசொதவென்று இருந்தது, புளித்த மணம். அப்படியானால் வடிகால் பிழை என்று தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டினேன். கார்டீனியாவுக்கு அமில மண் பிடிக்கும், இரும்புச்சத்து போதாவிட்டால் இலை மஞ்சளாகும் என்று இரும்புக் கரைசல் ஊற்றினேன். எப்சம் உப்பு போட்டேன். அடியில் போட்டிருந்த மரத்தூளை அள்ளி வெளியே எடுத்தேன். இலை இன்னும் மஞ்சளானது. எங்கிருந்தோ எறும்பு ஊர்வலம் வேறு. நீர்க்குழாய் கசிகிறதோ என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டேன். ஒரு கட்டத்தில், நர்சரியில் இதே உயரத்தில் ஒரு கார்டீனியா வாங்கி, அன்ரி நித்திரையாக இருக்கும்போது ஆளை மாற்றிவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். நர்சரிக்குப் போய் ஒன்றைத் தெரிவு செய்தும் வைத்தேன். கள்ளக் கடவுச்சீட்டு செய்பவன் மாதிரி அதன் முகத்தைப் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு நின்றபோது அங்கு வேலை செய்யும் பெண், "எல்லாம் சரிதானே, ஐயா?" என்று கேட்டாள். விட்டுவிட்டு வந்தேன்.

டெப்பைக் கேட்டேன். யூட்டின் பின்பலகையில் குந்தியபடி படங்களைப் பார்த்தார்.

"யன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. இருபது வருடமாக, ஆள் இருந்த எல்லா வீட்டிலும் செய்ததை இந்த வீட்டில் மட்டும் செய்யவில்லை. வெள்ளைக்காரர் வீடென்றால் கேட்டுவிட்டு நுழைந்துவிடுவேன். இங்கே ஒரு தமிழ் அம்மா நோயாகப் படுத்திருக்கிறார். அந்த அறைக்குள், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், மண் படிந்த காற்சட்டையோடு ஒரு தனி ஆம்பிளை எப்படிப் போவது? வெளியே நின்று யன்னலால் தலையாட்டுவேன். அவரும் தலையாட்டுவார். மரியாதை என்று நினைத்தேன். இதையெல்லாம் டெப்புக்கு விளக்கினேன். அவர் மண்டரினை உரித்துப் பாதி தந்தார்.

அடுத்த வியாழன் கதவடியில் பூட்ஸைக் கழற்றினேன். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நேபாளத்துப் பெண் போகும் முன்பே உள்ளே போய்விட வேண்டும் என்று வேளைக்கே வந்திருந்தேன்.

"அன்ரி, ஒருக்கா உங்கட யன்னலால செடியைப் பார்க்கலாமோ?"

"இவ்வளவு நாளும் வெளியில நிண்டு என்னத்தைப் பார்த்தனீர்? வாரும்" என்றார் அன்ரி. தலையணைகளுக்கு நடுவே சின்ன உருவம், கூர்மையான மூக்கு. "விரலுக்குக் குளிரேல்லையோ?"

காலை மடித்து மறைத்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் குந்தினேன். அங்கிருந்து பார்த்தால் வேலி தெரியவில்லை, தெரு தெரியவில்லை, எதிர்வீட்டுக் கராஜ் தெரியவில்லை. யன்னல் நிறையச் செடி. அதற்குக் கீழே, யன்னலின் அடிக்கட்டையில், உள்ளிருந்து வெளியே ஒரு வெள்ளைக் கோடு. பல நாள் வடிந்து காய்ந்து தடித்த கோடு. அதில் எறும்பு.

"அன்ரி, இந்த வெள்ளை என்ன?"

"பெயின்ற் உரியுது."

முகர்ந்து பார்த்தேன். "பெயின்ற் வனிலா மணக்குது."

"விலைகூடின பெயின்ற்."

கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் மூடிபோட்ட குவளை இருந்தது. மகள் மெல்பேர்னிலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பும் சத்துமாவு. நேபாளத்துப் பெண் ஒவ்வொரு காலையும் கரைத்து வைத்துவிட்டுப் போவாள். அன்ரி யன்னலைத் திறந்து கார்டீனியாவுக்கு ஊற்றுவார். இரும்பையும் உப்பையும் நான் ஒரு பக்கத்தால் போட, மறுபக்கத்தால் இனிப்புப் பாலில் வேர் அழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

"அன்ரி, உங்களுக்கு அனுப்பினதை நீங்களெல்லோ குடிக்க வேணும்?"

"நீர் குடிச்சுப் பார்த்தனீரோ? சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி இருக்கு. அதுவும் மெலிஞ்சுபோய் நிண்டுது. பாவமெண்டு குடுத்தனான்."

"அது மெலிஞ்சதே நீங்கள் குடுத்ததாலதான்."

அன்ரி கொஞ்சநேரம் செடியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அப்பிடியோ? நான்தான் அதைக் கெடுத்தனானோ?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, மைதிலிக்குச் சொல்லிப்போடாதேயும். பொயிண்ட் குக்கில அறை ஆயத்தமா வைச்சிருக்கிறாள். மாசக் கடைசியில நேர்ஸ் வந்து நிறுப்பா. நிறை குறைஞ்சால் வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன் எண்டு சொல்லிப்போட்டாள். போகமாட்டன் எண்டு சொல்லேல்லை. இது ஒருக்காப் பூக்கட்டும். என்ர வீட்டில, என்ர கட்டிலில படுத்துக்கொண்டு அதைப் பார்த்திட்டுப் போறன்."

வெளியே போய்க் கூட்டினேன். எந்தப் பக்கம் போனாலும் பிழை. சொன்னால் அன்ரிக்கு வீடு போகும். சொல்லாவிட்டால், சாப்பிடாமல் கிடக்கும் ஒரு மனுசியின் ரகசியத்தைக் காக்கும் தோட்டக்காரன் ஆவேன். நான் படித்த கணக்கியலிலும் இதற்கு இடமில்லை. கொங்கிறீற் பாதை பளபளக்கும்வரை கூட்டிவிட்டு டெப்புக்குப் போன் செய்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு டெப் சொன்னார்: "செடிக்குப் போவதை மறி. அது போக வேண்டிய இடத்துக்குப் போக வை. நாங்கள் தண்ணிக்குச் செய்வது அதுதானே? சொல்லுவதா இல்லையா என்பதைப் பிறகு பார்."

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் போனேன். இடையில் வரும் வியாழன்களுக்கு வடிகால் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அன்ரியின் குசினியில் நின்று சாயம் தடிக்கத் தேநீர் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, பாலுக்குப் பதிலாகச் சத்துமாவைக் கொட்டினேன். கட்டி கட்டியாகத் திரண்டு மிதந்தது. அன்ரி பார்த்துவிட்டு, "இதைச் செடியும் குடியாது" என்றார். இரண்டாம் தரம் மாவை இளஞ்சூட்டு நீரில் முதலே குழைத்து, பிறகு தேநீரை மெல்ல விட்டுக் கலக்கினேன். பார்க்கப் பால்தேநீர் மாதிரியே இருந்தது. அன்ரி ஒரு வாய் குடித்து, யோசித்து, இன்னொரு வாய் குடித்தார்.

"கோயில்ல கடைசி வரிசைக்குக் குடுக்கிற தேத்தண்ணி மாதிரி இருக்கு. குடிக்கலாம். நீரும் ஒரு கோப்பை எடும்."

"எனக்கு வேண்டாம் அன்ரி."

"அப்ப எனக்கும் வேண்டாம். தனியக் குடிச்சால் அது மருந்து. பக்கத்தில ஆரும் இருந்தால்தான் தேத்தண்ணி."

குடித்தேன். நேபாளத்துப் பெண்ணுக்கும் செய்முறையைக் காட்டிக்கொடுத்தேன். அவளிடமும் அன்ரி அதே நிபந்தனையைத்தான் வைத்தார். அன்ரியின் நிறை ஏறியதோ இல்லையோ, எங்கள் இருவருக்கும் ஏறியது. அந்தக் கட்டிலருகே கதிரை போட்டிருந்து யன்னலைப் பார்த்தபடி நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. "அந்த இடதுபக்கக் கொப்பு கொஞ்சம் நிமிர்ந்திருக்கு, பார்த்தீரோ?" என்பார். "ஓம் அன்ரி" என்பேன். என் யூனிட்டில் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்க ஆளில்லை என்பதை நான் அங்கே இருந்துதான் கவனித்தேன். கவனித்ததும் அவசரமாக எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.

நேர்ஸ் நிறுக்க வரவேண்டிய வாரம். புளித்த மண்ணை அள்ளி எடுத்துவிட்டுப் புது மண் போட, கார்டீனியாவின் வேரடியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். வனிலாவும் வடிகாலும் சேர்ந்த ஒரு மணம் முற்றமெல்லாம் எழுந்து நின்றது. பின்னால் சூட்கேஸ் சில்லு உருளும் சத்தம் கேட்டது.

"அண்ணா, நான் மைதிலி. அம்மாவுக்குச் சொல்லாமல் வந்தனான்."

சருகு வாரியை எடுத்தேன். கூட்டத் தொடங்கினேன்.

"இதென்ன மணம்?"

"புது முறை" என்றேன்.

"என்ன முறை?"

"பால்... பால் சிகிச்சை. வேருக்குக் கல்சியம்."

மைதிலி குனிந்து மண்ணைக் கிள்ளி மணந்தார். "அண்ணா, இது வனிலா."

"வனிலாதான் இதுக்கு நல்லதெண்டு சொல்லுறவை."

"அண்ணா, நான் மருந்தாளர். இந்த மாவை நான்தான் வாங்கி அனுப்புறனான். கூட்டுறதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ, அங்க குப்பை இல்லை."

யன்னல் திறந்தது. "அவரைப் பேசாத, பிள்ளை" என்றது அன்ரியின் குரல். "ஊத்தினது நான்."

மைதிலி வாசற்படியில் குந்திவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்கு என்னிடம் நாலைந்து பகிடி தயாராக இருந்தது. அவர் சூட்கேஸின் பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் எடுத்துக் கேக்கிறன், குடிச்சீங்களோ எண்டு. ஓம் எண்டு சொல்லுறா. அந்த ஓமைக் கேட்டுட்டுத்தான் நான் போய்ச் சமைக்கிறனான். அவ்வளவு தூரத்தில இருந்துகொண்டு நான் வேற என்ன அண்ணா செய்யிறது?"

பகிடி ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். எப்போது கண்டுபிடித்தேன், ஏன் சொல்லாமல் இருந்தேன், இப்போது தேநீராகக் குடிக்கிறார், பூக்கும்வரை இருக்க வேண்டும் என்கிறார். எல்லாம் சொல்லிவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே விசயத்தைச் சொன்னேன்.

"உள்ளுக்குப் போய், அம்மா படுத்திருக்கிற இடத்தில இருந்து ஒருக்காப் பாருங்கோ."

போனார். நான் புது மண்ணைப் போட்டு முடித்தேன். பிறகு நான் யன்னலால் எட்டிப் பார்த்தபோது, அந்த ஒற்றைக் கட்டிலில் தாயின் தலையணையில் தலைவைத்து மகளும் படுத்திருந்தார். இரண்டு பேரும் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செடிக்கும் அவர்களுக்கும் நடுவே என் தலை தெரிந்தது. குனிந்துகொண்டேன்.

நேர்ஸ் வந்து நிறை பார்த்தார். குறையவில்லை. மைதிலி சூட்கேஸோடு தனியாகத் திரும்பிப் போனார். போகும்போது, "பூக்கிற வரைக்கும்தான்" என்றார். அதை எனக்குச் சொன்னாரா, யன்னலுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

அந்த டிசம்பரில் கார்டீனியா மூன்றே மூன்று பூப் பூத்தது. தொழில்முறையில் பார்த்தால் வெட்கக்கேடு. ஒன்றைப் பறித்துத் தட்டில் வைத்து அன்ரியின் மேசையில் வைத்தேன். மற்ற இரண்டும் செடியிலேயே வெள்ளையாக இருந்து, பழுப்பாகி, விழுந்தன. அன்ரி மூன்றையும் கடைசிவரை பார்த்தார். புதுவருடம் பிறந்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, மகள் அனுப்பிய காரில் விமான நிலையத்துக்குப் போனார். காரில் ஏற்றும்போது, "போட்டு வாறன், தம்பி. காலுறை வாங்கும்" என்றார்.

வீடு கைமாறியது. புதியவர்கள் முற்றத்தை வழித்து வெள்ளைக் கல் கொட்டினார்கள். இப்போதெல்லாம் அதுதான் வழக்கம். கல்லை யாரும் வெட்டத் தேவையில்லை.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை என் போன் அடித்தது. திரையில் அன்ரியின் மூக்கு. "தம்பி, இஞ்ச யன்னலால வேலிதான் தெரியுது. என்ன நடலாம்?" போனை யன்னல் கட்டையில் சாய்த்து வைக்கச் சொன்னேன். பொயிண்ட் குக்கின் சாம்பல்நிறத் தகர வேலி தெரிந்தது. மைதிலியின் கணவர் ஒரு புதுக் கார்டீனியாவைச் சாடியோடு தூக்கிக்கொண்டு நிற்க, இங்கே இருந்து நான், "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். கூடிப்போச்சு. வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அலுமாரி நகர்த்துவது மாதிரி அந்த மனிதர் நகர்த்தினார். கடைசியில் அன்ரி, "அதிலயே நிக்கட்டும்" என்றார். அதன்பின் வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து வந்து, அவர் அங்கே ஒரு கோப்பையும் நான் இங்கே ஒரு கோப்பையுமாகக் குடித்தோம். இரண்டு கோடை அப்படிப் போனது.

ஒரு வியாழக்கிழமை போன் வரவில்லை. அடுத்த நாள் மைதிலி எடுத்தார். அதைப்பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்று நான் வேலை செய்த வீட்டில் இலை உதிராத மரங்கள்தான் நின்றன. இருந்தும் அந்த முற்றத்தை மாலைவரை கூட்டினேன். டெப் வந்து பார்த்தார். பழத்தை எடுக்கவில்லை. இன்னொரு வாரியை எடுத்து வந்து மறுபக்கத்திலிருந்து கூட்டினார்.

பிறகு தோள்மூட்டு போனது, வேலை போனது. டெப் கிறிஸ்மஸ் பெருநாளுக்குச் செய்தி அனுப்புவார். மற்றபடி என் போன் சமர்த்தாக இருக்கும். வியாழக்கிழமைகளில் மட்டும், பழக்கத்தால், மாலையில் தேநீர் போட்டுக்கொண்டு யன்னலடிக்குப் போய் நிற்பேன்.

போன வாரம் அப்படி நின்றபோது மைதிலி கூப்பிட்டார். "அண்ணா, குறை நினைக்காதேங்கோ. அம்மாட கார்டீனியா மஞ்சளாப் போகுது. இரும்பு போட்டன், எப்சம் உப்புப் போட்டன். எறும்பு வேற. ஏனெண்டு விளங்கேல்லை."

"அந்த அறையில இப்ப ஆர் படுக்கிறது?"

"சின்னவள். அபி. ஏழு வயது."

"போனை யன்னல் கட்டையில வையுங்கோ, பாப்பம்."

வைத்தார். தகர வேலி, செடி, எல்லாம் நாங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. கீழே யன்னல் கட்டையில், உள்ளிருந்து வெளியே, ஒரு வெள்ளைக் கோடு.

"மைதிலி, அபி பால் குடிக்கிறவளோ?"

மைதிலியின் விரல் வந்து அந்தக் கோட்டைத் தொட்டது. பிறகு, "ஒவ்வொரு காலையும் வெறுங்கோப்பையைக் கொண்டுவந்து காட்டுறாளே!" என்றார். பின்னால் ஒரு சின்னக் குரல் ஆங்கிலத்தில், பால் தானாகச் சிந்தியது என்றது. மைதிலி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார். சிரிப்பு எங்கேயோ ஓரிடத்தில் வேறாகிப்போய், திரும்பவும் சிரிப்பாக வந்தது. நானும் சிரித்தேன். மண்ணை மாற்றும் விதத்தைச் சொன்னேன். பாலில் கொஞ்சம் தேநீர் கலந்து, பக்கத்தில் இருந்து தானும் குடிக்கச் சொன்னேன்.

"சரி அண்ணா, இவளுக்கு நீச்சல் வகுப்பு இருக்கு. பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அறை பழையபடி ஆனது. கையிலிருந்த தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. யன்னலைத் திறந்து ஊற்றியிருக்கலாம். கீழே கார்கள்தான் நின்றன. குடித்துவிட்டேன்.